லிஸ்பெத் இரவல் வாங்கிய தட்டு

பன்னிரண்டு வயதில் தன்னை லாரியில் ஏற்றி அனுப்பிய ஊரை ஹெல்மா முப்பத்தேழு வருடம் கழித்துப் பார்க்கப் போனாள். அங்கே கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு அதுவே பற்றிக்கொண்டு வந்தது.

1989 நவம்பர். எல்லை திறந்துவிட்டதென்று கிழக்கு ஜெர்மனியே மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. சலவைக்கூடத்தில் அவளோடு இஸ்திரி போடும் ரெனாட்டேயும் ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்தாள்.

"அந்தப் பக்கம் போய் ஒரு காபி குடிச்சிட்டு வரலாம், வாடி."

"எனக்கு அந்தப் பக்கம் வேண்டாம். வேலிக்கு முன்னாடி லிண்டன்ரோடேன்னு ஒரு ஊர் வரும். அங்க இறக்கி விட்டுடு" என்றாள் ஹெல்மா.

லிண்டன்ரோடே எல்லை வேலியை ஒட்டிய கிராமம். அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் நுழைய முடியாது. ஹெல்மா மூன்று முறை விண்ணப்பித்தாள். மூன்று முறையும் மறுத்தார்கள். போன வாரம்தான் அந்தச் சீட்டே தேவையில்லை என்றாகியிருந்தது.

1952 ஜூனில், வேலி எழும்பத் தொடங்கிய நாட்களில், அவளுடைய அப்பா சாராயக்கடையில் ஒரு வார்த்தை சொன்னார். புல்வெளி அந்தப் பக்கம் இருக்கிறதே, இனி என் பசு சீட்டு வாங்கிக்கொண்டுதான் மேயப் போகுமா என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவன் போய் மேலே சொன்னான். ஊர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த பக்கத்து வீட்டு ஆல்வின், வெளியேற்ற வேண்டியவர்களின் பட்டியலை எழுதினார். ஒரு விடியற்காலையில் லாரி வந்தது. மூட்டை கட்ட இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள்.

செங்கல் சூளை ஊரொன்றில் இறக்கிவிட்டார்கள். குற்றவாளிகள் வருகிறார்கள் என்று அந்த ஊருக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். பள்ளியில் ஹெல்மாவின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பதினான்கு வயதில் படிப்பை விட்டுச் சலவைக்கூடத்துக்குப் போனாள். அங்கே இயந்திரச் சத்தத்தில் யாரும் பேசவேண்டியதில்லை. அப்பா சூளைப் புகையில் இருமி இருமியே செத்தார்.

அம்மா சாகும்வரை ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். லாரி வந்ததற்கு முதல் நாள் மாலை ஆல்வினின் மனைவி லிஸ்பெத் வந்து, ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தருகிறேன் என்று கேக் சுடும் பெரிய தட்டை இரவல் வாங்கிப் போனாள். அவளுக்கு அப்போதே தெரியுமா? தெரிந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்று இரவே புல்வெளியைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருக்கலாம். வேலி அப்போது அரைகுறைதான்.

அந்தக் கேள்வியோடுதான் ஹெல்மா காரிலிருந்து இறங்கினாள்.

வீடு இருந்த இடத்தில் புல் மண்டியிருந்தது. சுவரில் ஒரு கல்கூட மிச்சமில்லை. ரொட்டி சுடும் ஊர்ப் பொது அடுப்புக்கு எதிரே மேசை போட்டு, மேற்கிலிருந்து வந்தவர்களுக்கு ஆப்பிள் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் ஒரு கிழவி. வயதான கையிலும் துண்டுகள் அளவாக விழுந்தன. லிஸ்பெத்தை அந்தக் கையை வைத்தே ஹெல்மா கண்டுகொண்டாள்.

"எடுத்துக்கம்மா, வெக்கப்படாதே. உங்க பக்கம் எல்லாம் கடையில வாங்குறதுதானே?" என்றாள் லிஸ்பெத், அவளையும் மேற்கிலிருந்து வந்தவளென்று நினைத்து. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

ஹெல்மா தட்டின் விளிம்பைப் பார்த்தாள். எல்லா வீட்டுத் தட்டும் ஒரே அடுப்புக்குள் போகும் ஊர் அது. மாறிவிடாமலிருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம் உண்டு. இந்த விளிம்பில் மூன்று ஆணித் துளைகள். அப்பா அடித்தவை.

"இது யாரு வீட்டுத் தட்டு?"

"எங்களுதுதான். வேற யாரோடது?"

"உங்க வீட்டு அடையாளம் ரெண்டு கீறல். இது மூணு துளை."

கத்தி நின்றது. லிஸ்பெத் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஹெல்மாவா? எவ்வளவு வளந்துட்டே" என்றாள், நாற்பத்தொன்பது வயதுக்காரியிடம். பிறகு தாழ்ந்த குரலில், ஆல்வின் போய்ச் சேர்ந்துவிட்டதையும், எழுதச் சொன்னதைத்தான் அவர் எழுதினார் என்பதையும் சொன்னாள். "முன்னாடியே சொல்லியிருந்தா எங்களையும் அதே லாரியில ஏத்தியிருப்பாங்கடி."

ஆக, தெரிந்திருந்தது.

"சொல்லாததுக்குப் பயம்னு வெச்சுக்கறேன்" என்றாள் ஹெல்மா. வாழ்நாளில் அவள் இத்தனை பேர் முன்னால் வாய் திறந்ததில்லை. "தட்டை எதுக்கு அத்தை கேட்டே?"

லிஸ்பெத் கத்தியைத் துணியில் துடைத்தாள். ஒரு தடவை துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"நல்ல கனமான தட்டு" என்றாள் கடைசியில். "எப்படியும் யாராவது எடுத்துட்டுப் போயிருப்பாங்க."

இது ஏதோ பழைய சிநேகிதிகளின் சந்திப்பு என்று நினைத்து, மேற்கிலிருந்து வந்த ஒருவர் காமிராவைத் தூக்கினார். இரண்டு பேரும் கட்டிக்கொள்ளுங்கள் என்று சைகை காட்டினார். ஹெல்மா தட்டைத் தூக்கி, மிச்சக் கேக் முழுவதையும் மேசைவிரிப்பின் மேல் கவிழ்த்தாள். தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். வழிமறிக்க ஒருவரும் வரவில்லை.

மேற்கே போய்த் திரும்பி வந்த ரெனாட்டே, சாலையோரம் மடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு தட்டை வைத்து உட்கார்ந்திருந்தவளிடம், "ஊரெல்லாம் சாக்லேட் வாங்கிட்டு வருது. நீ பழைய தகரத்தையா கொண்டு வர்றே?" என்றாள்.

வீட்டில் சோடா உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அடுக்குமாடி வீட்டு அடுப்புக்குள் வைத்துப் பார்த்தாள். நேராகவும் போகவில்லை, சாய்த்தாலும் போகவில்லை. ஊர் அடுப்புக்கென்று செய்த தட்டு அது. அடுப்புக் கதவை ஓங்கிச் சாத்தினாள்; சத்தம் பொறுக்காமல் கீழ்வீட்டுக்காரர் வெந்நீர்க் குழாயைத் தட்டினார். அவள் மறுபடி ஒருமுறை சாத்தினாள்.