மூன்றாம் மாடி ரெகுலேட்டர்

மனிதர்களுக்கு எந்தப் பருவமும் ஆகாத பருவம்தான். வெயில் அடித்தால் “போன வருஷம் இவ்வளவு இல்லப்பா” என்பார்கள். போன வருஷமும் இதையேதான் சொன்னார்கள். மழை வந்தால் துணி காயவில்லை, பனி வந்தால் மூட்டு வலி. இந்தப் புலம்பலையெல்லாம் பத்தொன்பது வருஷமாகக் காது குளிரக் கேட்ட புண்ணியவான் ஒருவர் உண்டு. அவரை எல்லோரும் ஏசிக்காரர் என்பார்கள்.

நாலு மாடி அலுவலகத்தின் மொட்டை மாடியில் இருக்கும் பெரிய குளிர்சாதன இயந்திரம் அவர் பொறுப்பு. காலை ஆறு மணிக்கே வந்து வானத்தைப் பார்ப்பார், குழாயைத் தொட்டுப் பார்ப்பார், எந்த மாடிக்கு எவ்வளவு குளிர் என்று வால்வுகளைத் திருப்பி வைப்பார். இதை யாரும் பார்த்ததில்லை. பார்க்கிற நேரத்துக்கு எவரும் வேலைக்கு வருவதில்லை.

வம்பெல்லாம் மூன்றாம் மாடியில். தபால் பிரிவு அக்கா கோடையிலும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார். எதிர் மேஜை டைப்பிஸ்ட்டோ மார்கழியிலும் ஃபைலால் விசிறிக்கொள்வார். “அண்ணே, விறைச்சுப் போயிட்டேன்” என்று அக்காவின் போன் வரும். அதை வைத்த கையோடு, “அண்ணே, வெந்து சாகறேன்” என்று டைப்பிஸ்ட். இரண்டு மேஜைக்கும் இடையே நாலடி. நாலடிக்குள் இரண்டு பருவம் நடத்திய மேதைகள் அவர்கள்.

புதிதாக வந்த மேனேஜர் புகார்ப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “இன்னும் ஒரு புகார் வந்தா உங்க கான்ட்ராக்ட் கட்” என்றார். ஐம்பத்து நாலு வயதில் வேறு எவன் வேலை தருவான்? ஏசிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

மனைவிதான் வழி சொன்னாள். “நம்ம வீட்டு ஃபேனுக்கே எவ்வளவு சண்டை! என்னைக்கு ‘நீயே வச்சுக்கோ’ன்னு ரெகுலேட்டரை என் பக்கம் மாத்துனீங்களோ, அன்னையிலேருந்து நான் வாயைத் தொறந்தேனா?”

மறுநாள் பழைய சாமான்களில் தேடி, ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்ட ரெகுலேட்டர் ஒன்றை எடுத்து மூன்றாம் மாடிச் சுவரில் திருகினார். பின்னால் ஒயர் கிடையாது. வெறும் சுவர்தான்.

அக்கா ஒன்றில் வைத்தார். “அப்பாடா, இப்பத்தான் உசுரே வந்துச்சு” என்று ஸ்வெட்டரைக் கழற்றினார். பத்து நிமிஷம் கழித்து டைப்பிஸ்ட் ஐந்தில் வைத்துவிட்டு, “ஆஹா!” என்று கண்ணை மூடிக்கொண்டார். ஏசிக்காரர் மட்டும் வழக்கம்போல ஆறு மணிக்கு வந்து வால்வுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் கழித்து, மூன்றாம் மாடிக் கோடியில் இருக்கும் தன் அறைக்கு மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். ஏசிக்காரர் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு போனார்.

“ஆறு மாசமா ஒரு புகார்கூட இல்ல. பிரமாதம்!”

“எல்லாம் உங்க ஆதரவு சார்.”

“ஆளாளுக்கு அவங்களே சரிபண்ணிக்கிறாங்க. அப்புறம் ஆபரேட்டர் எதுக்குன்னு மேல கேக்கறாங்க. மத்த மாடிக்கும் அதே மாதிரி மாட்டிக் குடுத்துட்டு, இந்த மாசத்தோட நீங்க ரெஸ்ட் எடுத்துக்குங்க.”

உண்மை தொண்டை வரை வந்தது. சொன்னால் மோசடி என்று இன்றைக்கே கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள். சொல்லாவிட்டால் மாதக் கடைசி. இருபத்து மூன்று நாள் லாபம் என்று மென்று விழுங்கினார்.

வெளியே வந்தபோது தேய்த்த சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அக்கா பதறிவிட்டார். “என்ன அண்ணே, இப்படி வேர்க்குது? அஞ்சுல வச்சுக்கோங்க. எனக்காகப் பார்க்காதீங்க.”

பத்தொன்பது வருஷத்தில் அவருக்கு வேர்க்கிறதா என்று கேட்ட முதல் ஆள் அக்காதான். ஏசிக்காரர் சுவருக்குப் போய் ரெகுலேட்டரை ஐந்துக்குத் திருப்பிவிட்டு, அதன் எதிரே நின்றார்.

“இப்ப எப்படி இருக்கு அண்ணே?”

“பரவாயில்லம்மா.”

சனியன், கொஞ்சம் சில்லென்றுதான் இருந்தது.