தவளைப் புத்தகத்தில் இருந்த சீட்டு

பள்ளியில் கொடுத்த பட்டியலைப் பார்த்துப் பத்துக் கதைப் புத்தகங்கள் வாங்கினேன். பதிமூன்று வயது மகள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. எரிச்சலோடு அவளை ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் சர்ச் நூலகத்துக்கு இழுத்துப் போனேன். அங்கே ஒரு வழக்கம்: புத்தகத்தைத் திருப்பித் தரும் பிள்ளை, அது யாருக்குப் பிடிக்கும் என்று சீட்டில் எழுதி உள்ளே வைக்க வேண்டும்.

நூலகத்து ஆன்ட்டி தவளைகளைப் பற்றிய புத்தகம் ஒன்றை அவளிடம் நீட்டினார். "சீட்டைப் பாரும்மா, பிடிச்சா எடுத்துக்கோ."

'வீட்டில் யாரோடும் பேசப் பிடிக்காதவர்களுக்கு' என்று யாரோ எழுதியிருந்தார்கள். மகள் அதை எடுத்து வந்து இரண்டே நாளில் முடித்துவிட்டாள். திருப்பிக் கொடுக்கும்போது அவள் எழுதிய சீட்டைப் பார்த்தேன்.

'லிஸ்ட் வைத்துக்கொண்டு உயிரை வாங்கும் அம்மாக்களுக்கு.'

சுருக்கென்றது. ஆனாலும் ஆன்ட்டிக்கு மனதார நன்றி சொல்லி, அந்தப் புத்தகத்தை என் பெயரில் எடுத்து வந்தேன். மகள் எனக்குச் சிபாரிசு செய்த முதல் புத்தகம் ஆயிற்றே!