குடம் வைத்த தீர்மானம்

நேற்று வேலூரில் ஒரு தெருக்குழாய் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். தண்ணீர் வரவில்லை. குடங்கள் மட்டும் முன்னாலேயே வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றின் சொந்தக்காரிகள் நிழலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஈரமண் வாசனை அடித்ததும் எனக்குப் பாலாற்று மணல் ஞாபகம் வந்துவிட்டது. குடங்களை வரிசையாகப் பார்த்தால், எந்தப் பக்கம் ஜாஸ்தி என்று பார்க்கத் தோன்றும் எனக்கு. அந்த வியாதி அங்கே பிடித்ததுதான்.

நான் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாதவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. ரயில் பாதைக்குக் கல் உடைத்தேன். சோளிங்கர் மலையடியில் மொட்டைத் தலைகளுக்குச் சந்தனம் விற்றேன். அதில் சந்தனம் கொஞ்சம் கம்மிதான். பிறகு ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல்ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கினேன். மாட்டுத்தோல் பதமாவதற்குள் நம் கைத்தோல் உரிந்துவிடும். தோலை ஊறவைக்கிற ஆவாரம்பட்டை நாற்றமும் ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகாதது தண்ணீர்ப்பாடுதான்.

பாலாற்றில் வெள்ளம் வடிந்ததும் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடிக்க வேண்டும். குடிக்கிற ஊற்று மேலே, துவைக்கிற இடம் அதற்குக் கீழே, ஷாப்பில் தோல் அலசுகிற குழி எல்லாவற்றுக்கும் கீழே. எது எங்கே என்று பேச்சு வந்தால் தெரு கூடும். வீட்டுக்கு ஒரு குடம். இந்த இடம் வேண்டுமென்பவர் இந்தப் பக்கம் வைக்க வேண்டும், அந்த இடம் வேண்டுமென்பவர் அந்தப் பக்கம். எந்தப் பக்கம் குடம் ஜாஸ்தியோ அதுதான் முடிவு. ஆண்கள் ஷாப்பில் இருப்பதால் குடத்தோடு வருவது பெண்கள். ஆகவே முடிவும் அவர்களுடையது. இதை யாரும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. என்னைப் போன்ற கல்யாணமாகாத தடியன்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே அறை, ஒரே குடம், அந்தக் குடமும் கழுத்து உடைந்தது.

ஒரு கோடையில், அலசுகிற குழியை மேலே கொண்டுபோனால் தோல் சுமக்கும் தூரம் குறையுமே என்று முதலாளிக்கு ஆசை வந்தது. எங்கள் மேஸ்திரி சின்னப்பன் அடிதடியை விரும்பாதவர். முறைப்படியே ஜெயித்துவிடலாம் என்று ஒரு வண்டி புதுக்குடம் கொண்டுவந்து மணலில் இறக்கிவிட்டார். பார்த்தால் முதலாளி பக்கம்தான் ஜாஸ்தி. தோலுக்கு உப்புப் போடுகிற ராஹேலம்மா அந்தக் குடங்களை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"இன்னா மேஸ்திரி, வச்ச கொடத்த ரொப்பினு வூட்டுக்குத் தூக்கினு போறதுதான வழக்கம்? தூக்கு, பாக்கலாம்."

"ஆளு அனுப்பறேம்மா."

"ஆளே இல்லாத வூட்டுக்குக் கொடம் எதுக்கு?"

வேடிக்கை பார்க்க வந்த முதலாளியே சிரித்துவிட்டார். குழி கீழேயே இருந்தது. புதுக்குடங்களைத் தெரு பங்கு போட்டுக்கொண்டது. எங்கள் அறைக்கும் கழுத்துள்ள குடம் ஒன்று வந்தது.

நடுவில் சில வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு நான் திரும்பியபோது, ரோடு, கிணறு எல்லாம் பார்க்கிற தாலுகா போர்டிலிருந்து ஒருவர் ஆற்றுக்கு வந்திருந்தார். நல்ல மனிதர், குடை பிடித்துக்கொண்டு பொறுமையாகப் பேசினார். கல் கட்டிய கிணறும் ராட்டினமும் போட்டுத் தருவார்களாம். இனி ஊற்று, குழி எல்லாவற்றையும் போர்டே பார்த்துக்கொள்ளுமாம். வருஷா வருஷம் சரிகிற மணலைத் தோண்டி எல்லோருக்கும் அலுத்திருந்தது. "எனக்கும் இடுப்பு வுட்டுப்போச்சுப்பா" என்று ராஹேலம்மாதான் முதல் குடத்தை அவர் பக்கம் வைத்தாள். நானும் எங்கள் அறைக் குடத்தைச் சந்தோஷமாக வைத்தேன். எதிர்ப்பக்கம் ஒரு குடமும் இல்லை. குடம் வைத்து நாங்கள் எடுத்த கடைசித் தீர்மானம் அது.

கிணறு வந்தது. ராட்டினமும் இனிமையாகவே கிறீச்சிட்டது. மறு கோடையில் போர்டு அனுமதியோடு தோல் குழியும் மேலே வந்தது. கிணற்றுத் தண்ணீர் பட்டைக் கஷாயமாக மாறியது. ராஹேலம்மாவின் கடைக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மேஸ்திரியிடம் போனால், "என் கையில இன்னா கீது? போர்டுல கேளு" என்றார். முதலாளியும் அதையேதான் சொன்னார்.

எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தெரு முழுக்கக் குடத்தோடு போர்டு ஆபீசுக்கு நடந்தது. வாசலில் எல்லாக் குடங்களையும் ஒரே பக்கமாக வைத்தோம். எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டோம். இதற்கு மேல் தெளிவாக எப்படிச் சொல்வது? குடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். நிஜமாகவே இரக்கப்பட்டார்.

"பாவம், தண்ணிக்கு வந்திருக்காங்க. ரொப்பிக் குடுப்பா" என்று சேவகனிடம் சொன்னார்.

"தண்ணிக்கு வரலைங்க. கொடம் வச்சிருக்கோம்" என்றாள் ராஹேலம்மா.

"அதான் பாக்கறேனே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆபீஸ் கிணற்றுத் தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. வச்ச குடத்தை ரொப்பித் தூக்கிப் போவதுதான் வழக்கம், தூக்கிக்கொண்டு வந்தோம். அந்தத் தண்ணீர் மறுநாள் வரைக்கும் வந்தது. குழி இருந்த இடத்திலேயே இருந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டான், ராஹேலம்மா அவனைத் தூக்கிக்கொண்டு அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் களையெடுக்கப் போய்விட்டாள்.

இப்போது அந்தத் தாலுகா போர்டும் இல்லை, எடுத்துவிட்டார்கள். குழியைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் வேலூருக்கு வர வேண்டும், வேலூர்க்காரர்கள் மதராசைக் கேட்க வேண்டும். மணலில் குடம் வைக்கிற வழக்கம் ஒன்று இருந்தது என்று சொன்னால் அந்தத் தெருப் பிள்ளைகளே என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. முதல் குடத்துக்காரி என்னைப் பார்த்து, "இன்னா பெரியவரே, உங்க கொடம் எங்க?" என்றாள்.

இல்லை என்றேன்.

"அப்போ தள்ளி நில்லுங்க."

நியாயம்தான். தள்ளி நின்றேன்.