முழங்காலுக்குக் கீழே

கோவையில் இரத்தக்குழாய் மருத்துவருக்காகக் காத்திருந்தபோது அந்த அம்மா எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மலைமேல் ஆனைக்கரையில் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. காலில் போட்டிருந்த இறுக்க உறையின்மேல், அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கக் கட்டுவதுபோல, முழங்காலடியில் ஒரு கயிறும் கட்டியிருந்தார். கட்டக் கூடாதென்று மருத்துவர் திட்டியும் கை தானாகக் கட்டிவிடுகிறதாம்.

என் மகளுக்கும் காலில் நாள்பட்ட அடைப்பு. உறையும் மாத்திரையும் போதுமா, அடைத்த குழாயை விரித்து உள்ளே ஸ்டென்ட் வைப்பதா என்று நாங்கள் முடிவெடுக்க வேண்டும். அந்த அம்மா இரண்டையும் பார்த்தவர்.

“ஏனுங்க, எதுல நல்லாச்சுங்க?” என்று கேட்டேன்.

“உறை மட்டும் போட்டப்ப பொழுது சாய்ஞ்சா கால் உரலாட்டம் வீங்கிரும்க்கா. ஸ்டென்ட் வச்ச பெறகு தோட்டத்து மேட்டு ஏத்தம் ஏற முடியுது. ஆனா மாத்திரையும் விடல, இந்தச் சனியன் உறையும் விடல” என்று சிரித்தார்.

காலைக் காட்டச் சொன்னேன். மறுக்காமல் கயிற்றை அவிழ்த்து உறையை உருட்டி இறக்கினார். கணுக்காலில் கறுத்த தோல், ஆறிய புண். கைபேசியில் படமெடுத்துக்கொண்டேன்.

“பாப்பா காலையும் காட்டுங்கக்கா, இப்படிக் கறுத்திருக்கான்னு பாப்போம்.”

சட்டென்று மகளின் காலைத் துப்பட்டாவால் மூடினேன். எதிர் பெஞ்சில் எங்கள் கோவிந்தாபுரத்து ஆட்கள் இருந்தார்கள். அவளைப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சிருந்தது. “அவளுக்கு ஒண்ணும் பெருசா இல்லீங்க” என்றேன்.

“சரிதாங்க்கா, கட்டிக்குடுக்க வேண்டிய புள்ள. மூடியே வைங்க” என்று குனிந்து, தம் உறையை மெல்ல ஏற்றத் தொடங்கினார்.

மகளுக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று, நடக்கிறாள். அந்த அம்மாவின் கால் படத்தை அழிக்க மட்டும் எனக்குக் கை வரவில்லை. அதில் அவர் முகம் இல்லை. முழங்காலுக்குக் கீழேதான் எடுத்திருக்கிறேன்.