சனிக்கிழமையில் வந்த வலி

ஏலிஸ் பிறத்தியாருக்குத் தொந்தரவு கொடுக்காத மனிதர். அப்படித்தான் ஊரில் பெயர். ஏரியில் அக்கரைக்கும் இக்கரைக்கும் படகு ஓட்டியே காலம் தள்ளினார். இளவயதில் விறகு பிளக்கும்போது சிராய் தெறித்து இடது கண் போனது. அன்றைக்கும் அண்டை வீட்டுக் கதவைத் தட்டி வண்டி கேட்காமல், பனியில் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணிலும் வயதான காலத்தில் புரை விழுந்தது. பட்டணத்தில் அறுவை செய்து, கிருமி தொற்றாமலிருக்கக் கண்ணுக்குள்ளேயே மருந்து செலுத்தினார்கள். சொட்டு மருந்தைக் கையில் கொடுத்த நர்ஸ் ரைலி படித்துப் படித்துச் சொன்னாள்.

"மருந்து போட்டிருக்கு. ஆனாலும் அபூர்வமா யாருக்காவது கிருமி பூந்துரும். கண்ணு வலிச்சாலோ மங்கினாலோ எந்த நேரமா இருந்தாலும் உடனே போன் பண்ணுங்க. நீராவிக் குளியல்னு சௌனா அறையில போய் உக்காந்துடாதீங்க."

ஏலிஸ் தலையாட்டினார். வீட்டில் அக்கா ஹில்க்கா வேளை தவறாமல் சொட்டு விட்டாள்.

சனிக்கிழமை மதியம் வலி தொடங்கியது. சாயங்காலத்துக்குள் கண் கோவைப்பழமாகிவிட்டது.

"போன் பண்ணுடா," என்றாள் அக்கா.

"இன்னிக்குச் சனிக்கிழமைக்கா. ஊரே சௌனாவுல வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்கும். துண்டோட நிக்கிற டாக்டரைக் கூப்பிட்டு என்னத்தப் பேச?"

"உனக்குக் கூச்சம் பெரிசா, கண்ணு பெரிசா?"

"அதான் உள்ளயே மருந்து வச்சிருக்காங்களே. அது பாத்துக்கும்."

அக்காவும் அந்த ஊர்க்காரிதானே. அதற்கு மேல் வற்புறுத்தாமல், தன் சௌனாவுக்கு விறகு வைக்கப் போனாள். பாழாய்ப்போன மரியாதை! ஏலிஸ் ஜன்னலருகே உட்கார்ந்து, கரை நெடுக எழுந்த சௌனாப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகப் போகப் புகை எது, ஏரி எது என்று தெரியவில்லை.

ஞாயிறு விடிந்தபோது அவருக்கு விடியவில்லை. அக்கா அலறியடித்துப் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் மறுபடி மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். சீழ் முந்திக்கொண்டுவிட்டது, பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கட்டுப் போட்டுக்கொண்டே ரைலி சொன்னாள்.

"நேத்து சாயங்காலம் பூரா நான்தான் போன்கிட்ட உக்காந்திருந்தேன். ஒரு போன்கூட வரல. நீங்கெல்லாம் கூச்சப்படுவீங்கன்னுதானே எங்கள்ல ஒருத்தர் சனிக்கிழமை சௌனாவை விட்டுட்டு இங்கயே இருக்கோம்."

ஏலிஸ் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா உங்களுக்குத் தொந்தரவு குடுத்துட்டேனேம்மா," என்றார்.