லிஃப்ட்டுக்காரர் கொடுக்க வந்த ஈரல்

என் மனைவியின் அண்ணன் லிஃப்ட்டுக்காரர். பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில், மடக்குக் கதவு வைத்த லிஃப்ட்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து ஆட்களை ஏற்றி இறக்குவார். உட்கார்ந்த இடத்திலேயே மேலே போனவர் எங்கள் மச்சான் ஒருவர்தான் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. அவருக்குக் கோபமே வராது. அதுதான் எனக்குக் கோபம். எந்த மாடியிலாவது யாருக்காவது பிறந்தநாளோ பதவி உயர்வோ இருந்துகொண்டே இருக்கும். கேக்கும் டீயும் லிஃப்ட்டைத் தேடி வரும். வேண்டாம் என்றால் கொடுப்பவர் முகம் வாடிவிடுமே என்று மனிதர் அத்தனையையும் தின்று தீர்ப்பார். அவர் தொப்பைக்கே தனியாக ஓர் ஆள் இடம் வேண்டியிருந்தது.

அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே உடல்வாகு. மதுவின் வாசனைகூடத் தெரியாத என் மனைவிக்கு ஈரல் கெட்டுப்போனது. கால் வீங்கி, கண் மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்.

"குடிக்காதவங்களுக்கும் ஈரல்ல கொழுப்பு சேருங்க. ஈரல் வலிச்சுக் காட்டாது. ரத்தத்துல இருக்கற ரெண்டு என்சைம், பிளேட்லெட், வயசு, இதையெல்லாம் வெச்சு ஒரு கணக்குப் போட்டிருந்தா முன்னாடியே சந்தேகப்பட்டிருக்கலாம். இப்ப மாத்து ஈரல் வெச்சாத்தான் உண்டு."

தெருவில் வேறு கதை ஓடியது. நான் ஊற்றிக்கொடுத்துக் கெடுத்தேனாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எனக்கு அதற்கெல்லாம் சண்டை போட நேரமில்லை.

என் ரத்த வகை அவளுக்குச் சேரவில்லை. மச்சானுடையது சேர்ந்தது. அவர் ஈரலில் பாதியை வெட்டி அவளுக்கு வைத்தால் போதும் என்றார்கள். "பாதி என்ன டாக்டர், முழுசாவே எடுத்துக்கங்க" என்றார் மச்சான். ஆனால் அவருடைய ரத்தமும் ஸ்கேனும் வேறு சொல்லின. அவர் ஈரலிலும் அதே கொழுப்பு.

"உங்களுக்கு இது ஆரம்பம்தான், குறைக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "கேக்கை விடுங்க, தினமும் நடங்க. கடைசியா ஒரு தடவ ரத்தம் எடுப்பேன். அதுல எல்லாம் சரியா இருந்தாத்தான் உங்க மேல கத்தி வெப்போம்."

மச்சான் முக்காலியை விட்டு எழுந்தார். வேலை முடிந்ததும் படிக்கட்டில் ஏறி இறங்கினார். லிஃப்ட்டுக்காரர் படியேறுகிறாரே என்று கட்டடமே வேடிக்கை பார்த்தது. கேக்கை நீட்டியவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டார். பேண்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டார். மறு ஸ்கேனில் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. அன்றைக்கு வார்டில் என் மனைவி அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னண்ணே, பாதியா போயிட்ட?"

"மீதிப் பாதியை உனக்குன்னு எடுத்து வெச்சிருக்கேம்மா."

கடைசிப் பரிசோதனைக்கு முந்தின நாள் லிஃப்ட் பழுதாகி நின்றுவிட்டது. மற்றவர்களாக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள். இவர் கட்டிக்கொண்டு வா என்றால் வெட்டிக்கொண்டு வருகிற ரகம். எல்லா மாடிகளுக்கும் போக வேண்டிய தண்ணீர்க் கேன்களைத் தானே தோளில் சுமந்து படியேறியிருக்கிறார். ஒட்டியிருக்கும் கொஞ்ச நஞ்சக் கொழுப்பும் வியர்வையோடு போய்விடும் என்று நினைப்பு. மறுநாள் ரத்தம் கொடுக்க நீட்டிய கை நடுங்கியது. கேட்டதற்கு, பசி என்றார்.

முடிவில் அந்த இரண்டு என்சைம்களும் எகிறியிருந்தன. டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது.

"உண்மையச் சொல்லுங்க. குடிச்சீங்களா?"

"தங்கச்சி மேல சத்தியமா இல்லீங்க."

"மாத்திரை, மருந்து ஏதாவது?"

"அதுவும் இல்லீங்க."

"அப்ப என்னதான் பண்ணீங்க?"

மென்று விழுங்கி, தண்ணீர்க் கேன் கதையைச் சொன்னார். டாக்டரம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"அந்த என்சைம் ஈரல்ல மட்டும் இல்லீங்க, தசையிலயும் இருக்கு. உடம்பை இப்படி வதைச்சா அதுவும் ரத்தத்துல வந்து கலக்கும். தசைக்குன்னு இருக்கற டெஸ்ட்டையும் எடுத்துப் பாத்துடறேன். அதுவாத்தான் இருக்கும். ஆனா இருக்கும்னு நம்பி நல்லா இருக்கற மனுஷனை அறுக்க முடியாது. அசையாம ஓய்வெடுங்க. இறங்கட்டும், மறுபடி பாக்கலாம்."

"அதுவரைக்கும் அவ தாங்குவாளா?" என்று நான் கேட்டேன். டாக்டரம்மா டெஸ்ட்டுக்கான சீட்டை எழுதத் தொடங்கினார்.

வராந்தாவுக்கு வந்ததும் கத்திவிட்டேன். "யார் மச்சான் உங்களைச் சுமக்கச் சொன்னது? நடக்கத்தானே சொன்னாங்க!"

"அவளுக்குப் போற பொருள் மாப்ள. சுத்தமா குடுக்கணும்னு நெனச்சேன்" என்றார். மேற்கொண்டு எப்படித் திட்டுவது?

அதன்பிறகு அவர் அசையவே பயந்தார். தண்ணீர் பாட்டிலைக்கூட என்னைத்தான் எடுத்துக்கொடுக்கச் சொன்னார். வார்டுக்கு வெளியே பெஞ்சில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்காருவதற்கே சம்பளம் வாங்கியவர், உட்கார முடியாமல் தவித்தார். உள்ளே அவள் எங்களை அடையாளம் தெரியாமல் பிதற்றத் தொடங்கியிருந்தாள். எந்தச் சாமியை வேண்டுவது, யார் காலில் விழுவது என்று புரியாமல் நான் வராந்தாவில் அலைந்தேன்.

மறுபடி ரத்தம் எடுக்கும் நாள் வந்தது. காலையில் மச்சான் கையை நீட்டினார். இம்முறை நடுங்கவில்லை. அன்றைக்கே அவளுக்குக் காய்ச்சல் கண்டது, கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். மதியம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

உடலை வாங்கக் காத்திருந்தபோது மச்சானின் போன் அடித்தது. பரிசோதனைக்கூடத்துப் பெண். அவளுக்கு விஷயம் தெரியாது. உற்சாகமான குரல் எனக்கும் கேட்டது.

"சார், ரிசல்ட் வந்துடுச்சு. எல்லாமே நார்மல். தங்கச்சிக்கு நீங்க தாராளமா குடுக்கலாம் சார்!"

"சரிம்மா. சந்தோஷம்மா" என்றார் மச்சான். அந்தப் பெண்ணின் மனம் நோகக்கூடாதென்று அப்போதும் சிரித்தபடியே சொன்னார். போனை வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, நான் பாஸாம்."