இருநூறு கிலோ உருளைக்கிழங்கு

ஜெர்மனியின் லேயர் ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்த ஃபோக்கோ ஹாப்பனுக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. நிறுத்த ரொட்டியையே மறுபடி நிறுப்பார். "உக்காந்துதான் ஒரு டீ குடிங்களேன், நாற்காலி என்ன கடிக்கவா போகுது?" என்பாள் மனைவி. நின்றபடியே குடித்து வைப்பார். போருக்குப் போய் வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று, இவருக்கு இது என்று ஊர் விட்டுவிட்டது.

இரண்டாம் உலகப் போரில் அவர் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் சமையல்காரர். நாற்பத்தெட்டுப் பேருக்கு ஒரே ஓர் அடுப்பு. அதில் பிரெஞ்சுத் துறைமுகத்திலிருந்து மூன்று முறை அட்லாண்டிக் போனார். முதல் இரண்டு முறையும், மூழ்கடித்த சரக்குக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி கட்டிக்கொண்டு, பேண்டு வாத்தியம் முழங்கத் திரும்பினார்கள். அந்தக் கப்பல்களில் செத்தவர்களுக்கு ஒருவரும் வாசிக்கவில்லை. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை.

நீர்மூழ்கியில் சமையல்காரன் சமைத்தால் மட்டும் போதாது. எந்த அறையிலிருந்து எத்தனை கிலோ எடுத்தான் என்று தினமும் எஞ்சினியரிடம் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் அவர் தொட்டிகளில் தண்ணீரை ஏற்றி இறக்கி, கப்பலைச் சமநிலையில் வைப்பார். எஞ்சினியர் ஃபோல்க்மார் தீசன் இதில் சரியான பிடிவாதக்காரர்.

"இன்னிக்கு என்னத்தக் காலி பண்ணின?"

"முன்னறையில பதினெட்டு கிலோ கிழங்கு, ஐயா."

"வெங்காயம்?"

"ரெண்டு கிலோ."

"கேட்டாத்தான் வாய் தொறப்பியா? நீ தின்ன வெங்காயம்கூட எனக்குத் தெரியணும்டா."

மூன்றாவது பயணத்துக்கு ஏற்றும்போது மழை. ஊர் சுற்றும் அவசரத்தில் ஃபோக்கோ ஈரக் கிழங்கை அப்படியே முன்னறையில் அடுக்கிவிட்டார். பத்தே நாளில் இருநூறு கிலோ அழுகியது. திட்டு வாங்கப் பயந்து, குப்பை வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கடலில் கொட்டினார். எஞ்சினியரிடம் மூச்சு விடவில்லை. அங்கே தூங்கியவர்களுக்கு நாற்றம் ஒழிந்ததே போதும், அவர்களும் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து விமானம் வந்தது. உடனே மூழ்க வேண்டும். மூக்குப் பக்கம் எடை குறைந்த கப்பல் தலையைக் குனிய மறுத்தது. "எல்லாரும் முன்னால ஓடுங்க" என்று தீசன் கத்தினார். ஓடிய கூட்டத்தில் சூப்புப் பானை கவிழ்ந்து ஃபோக்கோவின் இரண்டு காலும் வெந்தன. குண்டு பக்கத்தில் விழுந்து விளக்குகள் உடைந்தன. மயிரிழையில் தப்பினார்கள்.

"கிழங்கு நீ சொன்ன அளவுதானே இருக்கு?" என்று தீசன் கேட்டார்.

"அதே அளவுதான், ஐயா."

அவர் போய்ப் பார்க்கவில்லை. பையனை அவ்வளவு நம்பினார்.

வெந்த காலுக்காக ஃபோக்கோவைக் கரையில் விட்டார்கள். நான்காவது பயணம் கிளம்பிய அன்று ஊன்றுகோலோடு துறைக்குப் போனார், உண்மையைச் சொல்லிவிடத்தான் போனார். தீசன் முந்திக்கொண்டார். "புதுசா வர்றவன் உன்ன மாதிரி ஒழுங்கா எடை சொல்லுவானோ என்னமோ. அன்னிக்கு நான்தான் கணக்க எங்கயோ தப்பாப் போட்டிருக்கேன். எங்கன்னுதான் பிடிபடல."

"நல்லபடியாப் போயிட்டு வாங்க, ஐயா" என்பது மட்டும்தான் ஃபோக்கோ வாயிலிருந்து வந்தது. கப்பல் திரும்பவில்லை. ஒருவரும் மிஞ்சவில்லை.

ஆறு வருடம் கழித்து, தீசனின் மனைவி இர்மேலா கடையைத் தேடி வந்தார். கையில், கிளம்பும் முன் கணவர் எழுதிய கடைசிக் கடிதம்.

"என் கணக்கு மேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சுன்னு எழுதியிருக்காரு. அத்தன பேரும் இவரு தப்பால போனாங்களோன்னு நெனச்சு நெனச்சு எனக்குப் பைத்தியம் பிடிக்குது. நீங்க கூட இருந்தவரு. அவரு தப்புப் பண்ற ஆளா?"

இல்லை என்ற ஒரு சொல்லோடு தப்பித்திருக்கலாம். ஃபோக்கோவின் கை தராசைத் தடவியது, விட்டது, மறுபடி தடவியது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவரு கணக்கு சரிதாம்மா. நான்தான் பொய் சொன்னேன்." மழையிலிருந்து துறைமுகம் வரை எல்லாவற்றையும் சொன்னார்.

இர்மேலா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று ஃபோக்கோ காத்திருந்தார். அவர் திட்டவில்லை.

"இத நீங்க அவருகிட்டயே சொல்லியிருக்கணும்" என்றார்.